உலகக் கோப்பையில் எந்த ஆட்டத்துக்கு எந்த ரெஃப்ரி என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது மூன்று கேள்வி. 2022 கத்தார் கால்பந்து உலகக் கோப்பையில் மொராக்கோ–போர்ச்சுகல் கால் இறுதிக்கு அர்ஜென்டினா ரெஃப்ரியைப் போட்டது நியாயமா, இவர்களை எல்லாம் எப்படிப் பொறுக்கி எடுக்கிறார்கள், காட்பாடியில் ஸ்கூல் மேட்சுக்கு விசில் ஊதும் உங்களைப் போல ஒருவர் என்றைக்காவது அங்கே போய் நிற்க முடியுமா. மூன்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும். நம்ம வேலூர் பக்கம் வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்திலேயே நான் விசில் எடுத்துவிட்டேன். பிற்பாடு ஒரு பத்து வருடம், ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், அரக்கோணம் பக்கம் நடக்கும் டோர்னமென்டுகளுக்கு எந்த மேட்சுக்கு யார் ரெஃப்ரி என்று பேர் எழுதிக் கொடுக்கும் வேலையும் பார்த்தேன். விசில் ஊதுவதைவிட அந்தப் பேர் எழுதுவதுதான் கஷ்டம் என்பது அப்போதுதான் புரிந்தது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். டோர்னமென்டுக்கு ரெஃப்ரிகளைத் தேர்வு செய்வது ஒரு வேலை, அவர்களில் ஒருவரை ஒரு குறிப்பிட்ட ஆட்டத்துக்குப் போடுவது வேறு வேலை. தேர்வு செய்யும்போது ஆளைப் பார்க்கிறார்கள். ஒதுக்கும்போது ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த ஆட்டத்துக்குப் பொருந்தாமல் போகலாம். டீக்கடையில் நாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் சண்டை போடுகிறோம்.

தேர்வு எப்படி நடக்கிறது என்றால், ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் வருடா வருடம் தன் ரெஃப்ரிகளின் பெயரை உலகக் கால்பந்து சம்மேளனமான ஃபிஃபாவுக்கு அனுப்பும், அந்தப் பட்டியலில் ஏறியவர்களுக்குத்தான் நெஞ்சில் குத்திக்கொள்ளும் ஃபிஃபா பேட்ஜ் கிடைக்கும். ரெஃப்ரிக்குக் குறைந்தது 25 வயது, கொடி பிடிக்கும் அசிஸ்டென்டுக்கு, அதாவது லைன்ஸ்மேனுக்கு, 23. பேட்ஜ் நிரந்தரம் கிடையாது, அந்த வருடத்துக்கு மட்டும். உலகக் கோப்பைக்கான ஆட்களை இந்தப் பட்டியலிலிருந்துதான் எடுப்பார்கள், ஆனால் கடைசி நேரத்தில் எடுக்கமாட்டார்கள். கத்தாருக்கான தேர்வு 2019-லேயே ஒரு ரெஃப்ரி, இரண்டு அசிஸ்டென்டுகள் என்று ஐம்பதுக்கு மேற்பட்ட மூவர் குழுக்களோடு தொடங்கிவிட்டது. மூன்று வருடம் சின்ன வயதுப் போட்டிகள், கிளப் உலகக் கோப்பை, அரபுக் கோப்பை என்று இறக்கிப் பார்த்துவிட்டு 2022 மே மாதம் பட்டியலை வெளியிட்டார்கள். 36 ரெஃப்ரிகள், 69 அசிஸ்டென்டுகள், வீடியோ அறைக்கு 24 பேர். ரெஃப்ரிகள் கமிட்டிக்குத் தலைவர் 2002 இறுதி ஆட்டத்துக்கு விசில் ஊதிய இத்தாலிக்காரர் பியர்லூயிஜி கொலீனா. அந்த மொட்டைத் தலையும் அகலக் கண்ணும் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

மூன்று வருடம் பார்ப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. ஒரு கெட்ட நாளை வைத்து ஒரு ஆளைத் தூக்கி எறிய மாட்டார்கள். ஜாம்பியாக்காரர் ஜானி சிகாஸ்வே, 2022 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் துனிசியா–மாலி ஆட்டத்தை 90 நிமிடம் ஆவதற்கு முன்பே முடித்துவிட்டார், அதுவும் இரண்டு தடவை. உலகமே திட்டியது. வெயில் தாங்காமல் உடம்பு நிலை தவறியிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த வருடமே அவர் கத்தாரில் பெல்ஜியம்–கனடா ஆட்டத்துக்கு விசில் ஊதினார். மே மாதம் மூன்று மணி வெயிலில் வேலூர் கோட்டை மைதானத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அவரை விட்டுக்கொடுக்காதது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

உடம்பு விஷயத்தில் மட்டும் யாருக்கும் சலுகை கிடையாது. ஆண் ரெஃப்ரிகளுக்கு முதலில் 40 மீட்டர் ஓட்டம் ஆறு தடவை, ஒவ்வொன்றும் 6 வினாடிக்குள். அப்புறம் 75 மீட்டரை 15 வினாடிக்குள் ஓடி, அடுத்த 25 மீட்டரை 18 வினாடிக்குள் நடந்து, மறுபடி ஓடி, மறுபடி நடந்து, இப்படி 40 தடவை. கணக்குப் போட்டால் 22 நிமிடத்தில் 4 கிலோமீட்டர், இதில் முக்கால் பங்கு ஓட்டம். கேட்க லேசாக இருக்கும். நேதாஜி ஸ்டேடியத்தில் ஒரு மே மாதம், காலை ஐந்தரைக்கே நான்கு பேரை நிறுத்தி இதைச் செய்ய வைத்தேன். பத்தாவது தடவை வரை பேசிக்கொண்டே ஓடினார்கள். இருபதில் பேச்சு நின்றது. முப்பதை நெருங்கும்போது நடக்க வேண்டிய 25 மீட்டரில் ஒருவர் இடுப்பில் கை வைத்துக் குனிந்தார், விசில் அடித்தது, அவர் கால் கோட்டுக்கு அந்தப் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான், முடிந்தது. மூச்சு வாங்கும் ஆளுக்கு ஆஃப்சைடும் ஃபவுலும் ஒழுங்காகத் தெரியாது என்பதை அவர் கண்ணைப் பார்த்தபோது முழுசாக ஒத்துக்கொண்டேன்.

மூவர் குழு என்று மேலே சொன்னேன் இல்லையா, அது முன்பு கிடையாது. ரெஃப்ரி ஒரு நாடு, கொடி பிடிப்பவர்கள் வேறு வேறு நாடு என்று கலந்து போடுவார்கள். எல்லா நாட்டுக்கும் பங்கு கொடுத்த மாதிரி ஆகும். 1986-ல் மரடோனா கையால் கோல் போட்டாரே, அந்த ஆட்டத்தில் விசில் துனிசியாவின் அலி பென்னாசூர் கையில், ஒரு பக்கக் கொடி பல்கேரியாவின் டோச்சேவ் கையில், இன்னொரு பக்கம் கோஸ்டாரிகாக்காரர். மூன்று கண்டம். காதில் மாட்டிப் பேசும் கருவியும் அப்போது இல்லை. ரெஃப்ரி கொடியைப் பார்த்தார், கொடி எழவில்லை, கோல் என்று நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டார். 2002-ல் கொரியா–ஸ்பெயின் கால் இறுதிக்கு எகிப்து ரெஃப்ரி, உகாண்டாவிலிருந்து ஒரு லைன்ஸ்மேன், டிரினிடாட்டிலிருந்து ஒரு லைன்ஸ்மேன். எல்லைக் கோட்டைத் தாண்டாத பந்தைத் தாண்டியதாகக் கொடி காட்ட, ஸ்பெயினின் கோல் போயிற்று. அந்தக் கூச்சலுக்கு அப்புறம்தான் 2006-ல் ஒரே நாட்டு அல்லது ஒரே கண்டத்து மூவரைச் சேர்த்தே எடுக்கும் முறை வந்தது. 2022 இறுதிக்கு வந்த போலந்துக்காரர் ஷிமோன் மார்சினியாக், கொடி பிடித்த சொகொல்னிட்ஸ்கி, லிஸ்ட்கியேவிச் மூவரும் ஒரே நாடு, சேர்ந்தே வேலை பார்த்துப் பழகியவர்கள்.

சரி, இப்போது ஒதுக்கீட்டுக்கு வருகிறேன், உங்கள் கோபம் அங்கேதான் இருக்கிறது.

சொந்த நாடு ஆடும் ஆட்டத்துக்கு ரெஃப்ரியைப் போடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சொந்த நாடு இருக்கும் குழுவில் வேறு இரண்டு நாடுகள் ஆடினாலும் போடமாட்டார்கள் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இந்த இரண்டாவது விதியின் அருமையை நான் ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். வருடத்தையும் டீம்களையும் விட்டுவிடுகிறேன். ஒரு லீக் போட்டி, கடைசி ஆட்டம் ராணிப்பேட்டை டீமுக்கும் குடியாத்தம் டீமுக்கும். அதில் குடியாத்தம் தோற்றால் காட்பாடி டீம் அரை இறுதிக்குப் போகும். என்னிடம் இருந்ததிலேயே நல்ல ரெஃப்ரி காட்பாடிக்காரர். முக்கியமான ஆட்டம், நல்ல ஆள் வேண்டும் என்று அவர் பேரையே எழுதினேன். இரண்டாம் பாதியில் ராணிப்பேட்டைக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். பெட்டிக்குள் பின்னாலிருந்து காலைத் தட்டியது, நான் இருந்த இடத்திலிருந்தே தெளிவாகத் தெரிந்தது. ஆட்டம் முடிந்து குடியாத்தம் மேனேஜர் என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை. "சார், அது பெனால்டிதான், நானும் பார்த்தேன். ஆனா அவர் எந்த ஊர்னு எங்க பசங்களுக்குத் தெரியும். அவங்ககிட்ட நான் இன்னா சொல்றது?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அந்த ரெஃப்ரி செய்தது சரி. அவரை அங்கே நிறுத்திய நான் செய்தது தப்பு. அதற்கு அப்புறம் இரண்டு சீசன் குடியாத்தம் பக்கம் அவரால் விசில் எடுத்துக்கொண்டு போகவே முடியவில்லை. என் கையெழுத்துக்கு அவர் விலை கொடுத்தார், இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

உலகக் கோப்பையில் இதைவிடப் பெரிய தப்பே நடந்திருக்கிறது. 1966 ஜூலை 23, இங்கிலாந்தில் கால் இறுதிகள். இங்கிலாந்து–அர்ஜென்டினா ஆட்டத்துக்கு ஜெர்மானியர் ருடால்ஃப் கிரைட்லைன், அதே நாளில் மேற்கு ஜெர்மனி–உருகுவே ஆட்டத்துக்கு இங்கிலாந்துக்காரர் ஜிம் ஃபின்னி. முதல் ஆட்டத்தில் அர்ஜென்டினா கேப்டன் ராட்டின் வெளியேற்றப்பட்டார், அடுத்ததில் உருகுவேயின் இரண்டு பேர். இரண்டு தென் அமெரிக்க அணிகளும் வீட்டுக்குப் போயின. முடிவுகள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்து வாதாடலாம், ஆனால் அந்த இரண்டு பேரையும் எழுதிய தாளைப் பார்த்தால் எந்த உருகுவேக்காரர் நம்புவார்? நீ என் ஆட்டத்தைப் பார்த்துக்கொள், நான் உன் ஆட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்பது போலத்தானே தெரியும். ராட்டினுக்குத் தன்னை வெளியே போகச் சொன்னதே புரியவில்லை என்று ஒரு பிரச்சினை, அதிலிருந்துதான் இங்கிலாந்தின் முன்னாள் ரெஃப்ரி கென் ஆஸ்டன் மஞ்சள், சிவப்பு கார்டுகளை யோசித்தார், 1970-ல் அவை வந்தன. கார்டு வந்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள், பேர் எழுதிய கதையை யாரும் சொல்வதில்லை.

இப்போது உங்கள் மொராக்கோ–போர்ச்சுகல். 2022 டிசம்பர் 10, ரெஃப்ரி ஃபகுண்டோ தெஜோ, கொடி பிடித்தவர்களும் அர்ஜென்டினாதான். முந்தின நாள்தான் அர்ஜென்டினா நெதர்லாந்தை பெனால்டியில் ஜெயித்து அரை இறுதிக்கு வந்திருந்தது. மொராக்கோ 1–0 என்று ஜெயித்த பிறகு போர்ச்சுகல் ஆட்டக்காரர்கள் பெப்பேயும் புரூனோ ஃபெர்னாண்டஸும் இதைத்தான் கேட்டார்கள், இன்னும் கோப்பைக்கு ஆடிக்கொண்டிருக்கும் நாட்டின் ரெஃப்ரி எங்கள் ஆட்டத்துக்கு ஏன் என்று. கேள்வி நியாயமானது. ஆனால் மற்ற கால் இறுதிகளையும் சேர்த்துப் பாருங்கள். குரோஷியா–பிரேசிலுக்கு இங்கிலாந்தின் மைக்கேல் ஆலிவர், அப்போது இங்கிலாந்தும் கால் இறுதியில் இருந்தது. இங்கிலாந்து–பிரான்ஸுக்கு பிரேசிலின் வில்டன் சம்பாயோ, பேர் போட்டபோது பிரேசிலும் உள்ளேதான். அர்ஜென்டினா–நெதர்லாந்துக்கு வந்த ஸ்பெயினின் மத்தேயு லாஹோஸ் ஒருவர்தான், நாடு வெளியேறிய பிறகு வந்தவர். அதாவது தெஜோவை மட்டும் தனியாகக் கொண்டுவந்து வைக்கவில்லை, அந்தக் கட்டத்தில் கமிட்டி நான்கில் மூன்று இடத்தில் இப்படித்தான் செய்தது.

ஏன் செய்தார்கள் என்று பார்த்தால், அர்ஜென்டினா அட்டவணையின் அந்தப் பக்கம், மொராக்கோவும் போர்ச்சுகலும் இந்தப் பக்கம். யார் ஜெயித்தாலும் அர்ஜென்டினாவை இறுதியில்தான் சந்திக்க முடியும், நடுவில் ஒரு அரை இறுதி இருக்கிறது. ஆலிவருக்கும் சம்பாயோவுக்கும் இதே கணக்குதான். உடனடி லாபம் ரெஃப்ரியின் நாட்டுக்கு இல்லையென்றால் போடலாம் என்று நினைத்திருக்கிறார்கள், இது என் ஊகம், ஆனால் அவர்கள் எழுதிய பேர்களை வரிசையாக வைத்தால் இதுதான் பொருந்துகிறது. கமிட்டி பகையைவிட லாபத்துக்குத்தான் அதிகம் பயப்படுகிறது. இதற்கு இன்னொரு சாட்சி சொல்கிறேன். 2018-ல் அர்ஜென்டினாவை வெளியேற்றியது பிரான்ஸ். இறுதியில் பிரான்ஸ் ஆடியபோது ரெஃப்ரி யார்? அர்ஜென்டினாவின் நெஸ்டர் பிட்டானா. 2022-ல் போலந்தை வெளியேற்றியதும் பிரான்ஸ்தான். இறுதியில் அதே பிரான்ஸ், ரெஃப்ரி போலந்தின் மார்சினியாக். நம்ம ஊரில் இதை யாராவது ஒத்துக்கொள்வார்களா? உங்க டீமை நாங்க அடிச்சோம், அந்தக் காண்டுல ஊதுவாரு என்று முதல் நாளே மைதானத்துக்கு வெளியே கூட்டம் கூடிவிடும். அங்கே அப்படி நினைக்கவில்லை, தோற்றுப்போன நாட்டுக்கு இனி அடையவோ இழக்கவோ ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. மார்சினியாக் அந்த டோர்னமென்டிலேயே பிரான்ஸுக்கு ஒரு ஆட்டம், அர்ஜென்டினாவுக்கு ஒரு ஆட்டம் பார்த்திருந்தார், இரண்டு பேருக்கும் அவர் கை எப்படி இருக்கும் என்று தெரியும்.

அப்படியானால் தெஜோவைப் போட்டது சரியா? விதிப்படி சரி. நான் அந்த நாற்காலியில் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். கால் இறுதி தொடங்கும்போது 36 ரெஃப்ரிகளில் ஒன்பது பேரின் நாடுகள்தான் உள்ளே இருந்தன, மீதி 27 பேர் இருந்தார்கள். இத்தாலியின் ஓர்சாட்டோவையும் மெக்ஸிகோவின் ராமோஸையும் அரை இறுதிக்கு, மார்சினியாக்கை இறுதிக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டதால் கை கட்டப்பட்டிருக்கலாம், புரிகிறது. ஆனாலும் தோற்றவன் சொல்வதற்கு ஒரு காரணத்தை ஆட்டத்துக்கு முன்பே நாம் தயார் செய்து வைக்கக் கூடாது. குடியாத்தம் மேனேஜர் என்னிடம் கேட்டதையேதான் பெப்பே உலகத்துக்கு முன்னால் கேட்டார்.

கண்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய அணி ஆடினால் ஐரோப்பிய ரெஃப்ரி கூடாது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி ஒரு தடை இல்லை. 2010 இறுதி ஸ்பெயின்–நெதர்லாந்து, ரெஃப்ரி இங்கிலாந்தின் ஹோவர்ட் வெப். 2014 இறுதியில் ஜெர்மனி, ரெஃப்ரி இத்தாலியின் ரிட்சோலி. அர்ஜென்டினா ரெஃப்ரியை இங்கிலாந்து ஆட்டத்துக்குப் போடவே மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு, அதுவும் இல்லை. 2006 கால் இறுதியில் ரூனிக்கு சிவப்பு கார்டு காட்டியவர் அர்ஜென்டினாவின் எலிசோண்டோ, இறுதி ஆட்டமும் அவருக்கே வந்தது. இந்தப் பேர்களில் எனக்கு மனசு கனக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. கொலீனா, எலிசோண்டோ, வெப், ரிட்சோலி, பிட்டானா, மார்சினியாக், ஆறு பேருக்கும் இறுதி ஆட்டம் கிடைத்தது சொந்த நாடு தோற்ற பிறகுதான். வாழ்க்கையின் பெரிய விசிலுக்கு உன் நாடு வீட்டுக்குப் போக வேண்டும். அந்த இரவை அவர்கள் எப்படிக் கழித்திருப்பார்கள் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

மற்ற காரணங்கள் சின்னவை, ஆனால் கூடிக்கொண்டே போகும். போன ஆட்டத்தில் எப்படிச் செய்தார், எத்தனை நாள் ஓய்வு, அந்த அணியோடு முன்பு ஏதாவது தகராறு உண்டா. அர்ஜென்டினா–நெதர்லாந்தில் மத்தேயு லாஹோஸ் உலகக் கோப்பையிலேயே அதுவரை இல்லாத அளவுக்குக் கார்டு காட்டினார், அதற்கு அப்புறம் அந்தப் போட்டியில் அவருக்கு ஆட்டம் வரவில்லை. நன்றாகச் செய்தால் மேலே போகலாம் என்பதற்கு பிரான்ஸின் பெண் ரெஃப்ரி ஸ்டெஃபானி ஃப்ராப்பார் இருக்கிறார், 2022 டிசம்பர் 1 அன்று கோஸ்டாரிகா–ஜெர்மனி, கொடி பிடித்தவர்கள் பிரேசிலின் நெயூசா பாக், மெக்ஸிகோவின் கரென் டியாஸ், ஆண்கள் உலகக் கோப்பையில் மூவரும் பெண்களாக நின்ற முதல் ஆட்டம்.

கடைசிக் கேள்வி, நம்ம ஆள் போக முடியுமா. போயிருக்கிறார். 2002-ல் நம் தமிழ்நாட்டின் கோமளீஸ்வரன் சங்கர் கொடி பிடித்தார், உலகக் கோப்பைக்குப் போன முதல் இந்திய அதிகாரி அவர். திண்டுக்கல்லிலிருந்து ரூபா தேவி ஃபிஃபா பேட்ஜ் வாங்கினார். ஆனால் மூவர் முறை வந்த பிறகு தனியாக ஒரு நல்ல லைன்ஸ்மேன் உள்ளே நுழைவது கடினமாகிவிட்டது, விசில் பிடிக்கும் ஆளும் அதே தரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் நீங்கள் ஒருவராக ஆரம்பிக்காதீர்கள். உங்களோடு ஸ்கூல் மேட்சுக்குக் கொடி பிடிக்கும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மாவட்டக் கால்பந்து சங்கத்தில் ரெஃப்ரி தேர்வு எப்போது என்று கேட்டு மூவரும் ஒன்றாக எழுதுங்கள், மூவரும் ஒன்றாக ஓடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு நேதாஜி ஸ்டேடியத்துக்கு வந்தால் 75 மீட்டரும் 25 மீட்டரும் நானே டேப் பிடித்து அளந்து கோன் வைத்துத் தருகிறேன். ஸ்டாப் வாட்ச் என்னிடம் இருக்கிறது, தண்ணீர் மட்டும் கொண்டுவாருங்கள்.